சத்தம் போடாத ஷூ

"இன்னைக்கும் திரும்பிப் பாத்துட்டேன்னா என்ன பண்றது மிஸ்?"

கேட்டவள் கௌசர். வயது முப்பத்தெட்டு. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் அடி ஒட்டும் வேலை.

கேட்கப்பட்டவள் பூங்கொடி, அவளுடைய ஓட்டப் பயிற்சியாளர். வயது இருபத்தாறு. சிஷ்யையை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான மாநிலப் போட்டி. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

போன இரண்டு வருடமும் கடைசிச் சுற்றில் கௌசர்தான் முன்னால் ஓடினாள். இரண்டு முறையும் திரும்பிப் பார்த்தாள். இரண்டு முறையும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

இந்த முறையும் ஜெயிக்காவிட்டால் இனிமேல் லீவு கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ஜெயித்தால் தேசியப் போட்டி. தோற்றால் இதுதான் கடைசி ஓட்டம்.

"ஏன்க்கா திரும்புறீங்க?"

"மண்ணுல ஓடுனா பின்னால வர்றவ காலடி கேக்கும். இந்த ரப்பர் தரையில, இந்த ஷூவுல ஒண்ணுமே கேக்கல. பின்னால யாருன்னு பாக்காம இருக்க முடியல மிஸ்."

பூங்கொடி குனிந்து கௌசரின் ஷூ நாடாவை அவிழ்த்தாள். நிதானமாக மறுபடி கட்டத் தொடங்கினாள்.

"ரப்பர் அடி வச்ச ஷூ முதமுதல்ல வந்தப்ப இடது, வலதுன்னே கிடையாதாம். ரெண்டும் ஒரே மாதிரி. ஆனா சத்தம் வராது. சீமையில ஜெயில் வார்டருங்க அதைப் போட்டுக்கிட்டு ரோந்து போவாங்களாம்."

"இப்ப எதுக்கு மிஸ் இந்தக் கதை?" கௌசருக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

"வார்டர் வர்றது கைதிக்குத் தெரியாது. பதுங்கி வர்ற ஷூன்னு பேர் வச்சாங்க. ஸ்னீக்கர்ங்கிற பேரு அப்படித்தான் வந்துச்சுன்னு சொல்லுவாங்க."

"பாவம். உள்ள இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க?"

"நீங்க சொல்லுங்க."

கௌசர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள்.

"எங்க சூப்பர்வைசரும் ரப்பர் ஷூதான். பின்னால வந்து நிப்பாரு. வர்றதே தெரியாது. பதினாலு வருஷமா, கையில பசையோட, திரும்பித் திரும்பிப் பாத்து..."

ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"அவரு ஷூவுக்கு அடி ஒட்டுனது யாரு?"

"நாங்கதான்."

"உங்க கால்ல இருக்கறதுக்கு?"

"நானே ஒட்டுனேன்."

"இதுக்குச் சத்தம் உண்டா?"

பூங்கொடி முடிச்சை இறுக்கிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. கோயம்புத்தூர்க்காரி முன்னால். இரண்டு அடி பின்னால் கௌசர்.

வளைவில் கோயம்புத்தூர்க்காரி திரும்பிப் பார்த்தாள்.

நேர்பாதை தொடங்கும்போது மறுபடி பார்த்தாள்.

அந்தப் பார்வை கௌசருக்குத் தெரிந்த பார்வை. அவளைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. இருந்தும் தாண்டிப் போனாள்.

கோட்டைக் கடந்ததும் கௌசர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூங்கொடி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"ரெண்டாவதா வந்தது யாருக்கா?"

"தெரியல மிஸ்."