உரித்த தோலில் ஒரு செம்பொட்டு

நூல் தொய்ந்து கிடந்தது. சிறுத்தை அதை மிதித்துக்கொண்டே வந்தது. நெற்று ஒலிக்கவில்லை. ஆவாரங்குட்டையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த முயலின் கதை அன்றோடு முடிந்தது.

ஏற்பாடு என்னவோ எளிமையானதுதான். குட்டைக்கு வரச் சிறுத்தைக்கு ஒரே வழி, இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு. அந்த இடுக்கின் குறுக்கே ஒரு சிலந்தி நூல். அதன் மறுமுனை கரையிலுள்ள வாகை மரத்துப் பொந்துக்குள் போகும். காற்றுப் படாத அந்தப் பொந்துக்குள் காய்ந்த வாகை நெற்றுக் கொத்து தொங்கும். சிறுத்தையின் கால் நூலில் பட்டால் நெற்று கலகலக்கும். எல்லாரும் ஓடிவிடலாம்.

குட்டைக்குக் காவல் பொறுப்பு ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி. நூல் கட்ட ஆள் பிடித்ததும் அதுதான். பிடித்த ஆள் பட்டுராசு என்ற சிலந்தி. முதுகில் செம்பொட்டு. கருமலையில் கரிச்சான் குருவி நடத்தும் நூல் பரீட்சையில் தேறியவர்களுக்கு மட்டும் வைக்கிற பொட்டு அது. பொட்டைப் பார்த்ததும் ஈட்டியப்பன் வேறெதுவும் விசாரிக்கவில்லை. வேலையைக் கொடுத்துவிட்டது. முயல் செத்த அன்றே பட்டுராசு சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டியது.

அதற்குப் பிறகு பொட்டு என்ற பேச்சை எடுத்தாலே ஈட்டியப்பனுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும். மைனா வேறு வாகை மரத்தில் உட்கார்ந்துகொண்டு, அண்ணனுக்கும் முதுகில் ஒரு பொட்டு வைத்துவிட்டால் குட்டைக்கு விமோசனம்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் வருகிறவர் குறைந்துவிட்டார்கள். பயம்.

கோடை. வேறு தண்ணீர் கிடையாது. குட்டி ஈன்ற சருகுமான் ஒன்று புதர் ஓரம் வரை வரும், நிற்கும், திரும்பிப் போகும். அதன் மடி வற்றிக்கொண்டே வந்தது. ஒருநாள் நேராக ஈட்டியப்பனிடம் வந்தது.

"நான் குடிச்சாத்தான் அண்ணே, குட்டி குடிக்கும்."

அவ்வளவுதான் சொன்னது. ஈட்டியப்பன் மண்ணைக் கிளறியது.

அந்த வாரம்தான் இருளாயி வந்தது. கறுத்த உடம்பு, ஒல்லிக் கால்கள், முதுகில் செம்பொட்டு. நூல் கட்ட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதாம்.

"பொட்டு வெச்ச ஆளு எனக்கு வேண்டாம்" என்றது ஈட்டியப்பன்.

"ஏன்?"

"போன ஆளும் பொட்டோடதான் வந்தான். பொட்டா நூல் கட்டுது?"

"கட்டாது. நான்தான் கட்டுவேன். சரி, நான் கட்டுற நூல் சரியா இல்லையான்னு உங்களுக்குப் பார்க்கத் தெரியுமா?"

ஈட்டியப்பன் விழித்தது. அதற்குக் கிழங்கு தோண்டத் தெரியும். நூலைப் பற்றி என்ன தெரியும்?

இருளாயி நிதானமாகச் சொன்னது. "தெரியாது இல்லையா? சிறுத்தை வந்தாத்தான் தெரியும். அப்போ தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? அதுக்கு முன்னாடியே, நூல் தெரிஞ்ச ஒருத்தர் இழுத்துப் பார்த்துச் சொல்லணும். கரிச்சான் இழுத்துப் பார்த்துச்சு. அதுக்குத்தான் இந்தப் பொட்டு."

பேச்சு ஈட்டியப்பனுக்குப் பிடித்திருந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை. போய்ப் பழைய நூலைப் பார்த்துவிட்டு வா, மற்றதை அப்புறம் பேசலாம் என்று சிடுசிடுத்தது.

இருளாயி இடுக்குக்குப் போனது. பாறையில் முடிச்சுப் போட்ட இடத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் காற்றுப்போல வந்தது. சிலந்தி உரித்துப் போட்ட தோல். எட்டுக் காலும் அப்படியே இருந்தன. முதுகில் செம்பொட்டும் இருந்தது.

இருளாயி அதைக் கொண்டுவந்து ஈட்டியப்பன் முன்னால் போட்டது. விஷயத்தை விளக்கியது. சிலந்தி வளர்ந்தால் தோலை உரிக்கும். பொட்டும் தோலோடு போய்விடும். மறுபடி கருமலைக்குப் போய்ப் பரீட்சையில் தேறித்தான் புதுப் பொட்டு வாங்க வேண்டும். பட்டுராசு அந்த வேலை வைத்துக்கொள்ளவில்லை. உரித்த தோலையே சட்டைபோல முதுகில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்திருக்கிறது. ஓடுகிற அவசரத்தில் அது முடிச்சில் ஒட்டிக் கழன்றுவிட்டது.

"ஒருதரம் கத்துக்கிட்டது தோலோட போயிடுமா என்ன?" என்று கேட்டது ஈட்டியப்பன்.

"போகாது. ஆனா கால் நீண்டுடும். நாங்க நூலை அளக்குறதே காலாலதான். புதுக் காலை வெச்சுக்கிட்டுப் பழைய கணக்குல கட்டினா நூல் தொய்ஞ்சிடும். கட்டுறவனுக்கே தெரியாது."

ஈட்டியப்பன் அந்தத் தோலை வெகுநேரம் பார்த்தது. பிறகு, நாளைக் காலையில் வேலையை ஆரம்பி என்றது.

காலையில் போய்ப் பார்த்தால் இருளாயி பாறையில் தளர்ந்துபோய் உட்கார்ந்திருந்தது. உடம்பு வெளிறி மினுங்கியது. பக்கத்தில் அதன் தோல். தோலில் பொட்டு.

மைனாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. குட்டைக்கு வந்து சேருகிற ஆளெல்லாம் எப்படித்தான் இப்படி வாய்க்கிறார்களோ என்றது. கீழே சருகுமான் நின்றிருந்தது. அது சிரிக்கவில்லை. குட்டி அதன் காலடியில் படுத்துக் கிடந்தது. எழுந்திருக்கவே இல்லை.

ஈட்டியப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டது. "இங்க பாரு தாயி. உன் நேர்மை எனக்குத் தெரியும். அந்தத் தோலை முதுகுல போட்டுக்கிட்டு இன்னைக்கே கட்டிடு. பரீட்சைக்கு அப்புறம் போய்க்கலாம். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

இருளாயி குட்டியைப் பார்த்தது.

"அந்தக் குட்டிக்காகத்தான் அண்ணே மாட்டேங்கிறேன்."

கால் கொஞ்சம் இறுகியதும் பாறையுச்சிக்கு ஏறியது. ஒரு நூலை வீசியது. காற்று நூலைத் தூக்க, இருளாயியும் கூடவே கிளம்பிக் கருமலைப் பக்கம் போய்விட்டது.

ஈட்டியப்பன் திட்டியது. நன்றாகவே திட்டியது. திட்டி முடித்ததும் இடுக்குக்குப் போய்க் குறுக்கே நின்றுகொண்டது. "நான் நிக்கிறேன். வந்தா முள்ளை உதறுவேன், கேக்கும். நீ போய்க் குடி" என்றது சருகுமானிடம். சருகுமான் ஓடிப்போய்க் குடித்தது. குட்டி பால் குடித்தது. ஆனால் எத்தனை நாளைக்கு இப்படி? கண் சொக்கியது. கால் மரத்துப்போனது. ஒருமுறை நின்றபடியே தூங்கிவிட்டது. மைனாதான் மண்டையில் கொத்தி எழுப்பியது. அதற்குப் பிறகு மைனாவும் கேலியை விட்டுவிட்டு முறை போட்டுக் காவல் நின்றது.

ஒரு மாலை இருளாயி காற்றில் வந்து இறங்கியது. முதுகில் பொட்டு இன்னும் ஈரம் காயவில்லை.

இவ்வளவு தாமதமா என்று ஈட்டியப்பன் சீறியது.

"முதல் தரம் தேறல அண்ணே" என்றது இருளாயி. "கட்டின நூலைக் கரிச்சான் இழுத்துப் பார்த்துட்டுத் திருப்பி அனுப்பிடுச்சு. நான் கச்சிதமா கட்டினதாத்தான் நினைச்சேன். தொய்வு இருந்திருக்கு. புதுக் காலுக்குக் கணக்குப் பிடிபடுற வரைக்கும் கட்டிக் கட்டிப் பிரிச்சேன். ரெண்டாந்தரம்தான் பொட்டு வெச்சுச்சு."

ஈட்டியப்பன் யோசித்தது. அன்றைக்கே கட்டு என்று சொன்னது யார்? அந்த நூலை நம்பிக் குட்டையில் யார் இறங்கியிருப்பார்கள்? அதன் முள்ளெல்லாம் தானாகப் படிந்துகொண்டன.

பொழுது சாய்வதற்குள் இருளாயி நூலைக் கட்டி முடித்தது. காலால் அளந்தது, இழுத்தது, பிரித்தது, மறுபடி கட்டியது.

சிறுத்தை மறுநாளே வந்தது. சருகுமானும் குட்டியும் தண்ணீரில் வாய் வைத்திருந்தன. வாகைப் பொந்துக்குள் நெற்று கலகலவென்று ஒலித்தது. குட்டிதான் முதலில் பாய்ந்தது. தாய் பின்னால். மற்றவையும் புதருக்குள் மறைந்துவிட்டன. சிறுத்தை கரைக்கு வந்து நாலு பக்கமும் பார்த்தது. அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அதைக் குடித்துவிட்டுப் போயிற்று.

இன்றைக்கும் அந்தக் குட்டைக்கு வேலை தேடி வருகிறவர்களிடம் பொட்டு இருக்கிறதா என்று கேட்பதோடு ஈட்டியப்பன் நிறுத்துவதில்லை. கடைசியாகத் தோல் உரித்தது எப்போது என்றும் கேட்கிறது.

வளர வளரத் தன்னை மறுபடி அளந்து பார்த்துக்கொள்கிறவரின் முத்திரையை உயிரையே வைத்து நம்பலாம். ஆவாரங்குட்டையில் அப்படி அளந்து பார்த்து நூலைச் சரியாகக் கட்டியது இருளாயி.