ஒன்றரையும் இரண்டும்

கரூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி. சென்னைக் கிளையோடு கணினிகள் பேசிக்கொள்ள, வேறு யாரும் பங்குக்கு வராத தனி லீஸ்டு லைன் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவள் டெக்னீஷியன் தமயந்தி.

அமெரிக்கா போய்வந்த மேனேஜர் ரத்னசபாபதி, லைனைக் கணினிகளோடு இணைக்கிற அமெரிக்கப் பெட்டி ஒன்றோடு வந்து இறங்கினார். "நம்மூர் முறையெல்லாம் மட்டம். நாளைக்கு வாடிக்கையாளர்கள் வரும்போது லைன் இந்தப் பெட்டியிலதான் ஓடணும். முடியலைன்னா வேலையை விட்டுப் போயிடு!"

இங்கத்திய லைனோடு அந்தப் பெட்டி அப்படியே ஒட்டாது என்று தமயந்திக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. "சரிங்க சார்" என்று தலையாட்டி வைத்தாள்.

மறுநாள் முதலாளியும் வாடிக்கையாளர்களும் சுற்றி நிற்கையில் பணிவாகக் கேட்டாள்: "சார், அமெரிக்க முறையில வேகம் வினாடிக்கு ஒன்றரை மெகாபிட்டுங்க. நம்ம முறையில ரெண்டுங்க. நீங்க சொன்ன மாதிரி அமெரிக்க முறைக்கு உயர்த்தணும்னா, இருக்கிறதுல கால்வாசியைக் குறைக்கணுமுங்க. குறைச்சிரட்டுங்களா?"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "லைன்ல கை வைக்காதேம்மா. ரத்னசபாபதி, இனிமே எதுன்னாலும் இந்தப் பொண்ணைக் கேட்டுச் செய்யுங்க."

எல்லோரும் போனதும் மேனேஜர் பல்லைக் கடித்தார். "இதை நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"நேத்து நீங்க கேக்கவே இல்லீங்களே சார்" என்றாள் தமயந்தி.