தேங்காய்த் தொட்டித் தராசு

“எம் புள்ள படிக்க வருதுங்களா, தேங்காத் தொட்டி பொறுக்க வருதுங்களா? தொட்டி பொறுக்கறதுக்கு நானே போதுமுங்க. அதுக்கு எதுக்குங்க பள்ளிக்கூடம்?”

இது மிதுனாவின் அம்மா கலாமணி கேட்டது. அதை அப்படியே ஒப்பித்துவிட்டு மூச்சு வாங்கினாள் பத்மஜா.

“இதே வார்த்தை, டீச்சர். ஒரு எழுத்துகூட நான் சேர்க்கல. கேட்டுக்கு வெளியே, அத்தனை பேர் முன்னால கேட்டா. நீங்க என்னடான்னா சிரிக்கறீங்க!”

முத்தரசி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். வராந்தாத் தரையில் உட்கார்ந்து, பிள்ளைகள் கொண்டுவந்த புளியங்கொட்டைகளைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நல்ல கேள்விதான் அக்கா.”

“வெள்ளிக்கிழமை லெட்டரோட வருவாளாம். மிதுனாவுக்கு டி.சி. வாங்கி, டவுன்ல வேன் விடற பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போறாளாம். நல்ல கேள்வின்னா பதிலைச் சொல்லுங்க.”

“என்கிட்டயா கேட்டாங்க?”

பத்மஜா வாய்க்கு வந்ததை விழுங்கினாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

பொள்ளாச்சிப் பக்கம், தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஓட்டுக்கூரை போட்ட பள்ளிக்கூடம். முதல் மூன்று வகுப்புக்கும் சேர்த்து இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரு முத்தரசி. அவளுக்கு வயது முப்பத்தொன்று.

பத்மஜாவுக்கு நாற்பத்தொன்பது. திருச்சியில் கான்வென்ட் படிப்பு, அப்புறம் இருபத்தாறு வருஷம் சமையலறை. பெற்றது இரண்டும் வெளியூருக்குப் போய்விட, வீட்டில் அதட்ட ஆளில்லாமல், “சும்மா வந்து ஒத்தாசை பண்றேன்” என்று ஜூன் மாதம் வந்து நின்றவள். தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவளைக் குருவென்று ஒப்புக்கொள்ள அவளுக்கு நாலு மாதம் பிடித்தது. இன்னும் முழுசாக ஒப்புக்கொண்டபாடில்லை.

கலாமணியைத் திட்டவும் மனசு வரவில்லை. கொப்பரைக் களத்தில் காலை ஏழு மணியிலிருந்து கொட்டாங்குச்சித் தொட்டி வேறு, தேங்காய்ப் பருப்பு வேறு என்று பிரிக்கிறவள். அவள் நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது. மகளாவது தொட்டியைத் தொடாமல் பிழைக்கட்டும் என்று பள்ளிக்கு அனுப்பினால், பள்ளிக்கூடம், “ஆளுக்கு ரெண்டு தொட்டி கொண்டு வா” என்கிறது. வயிறு எரியாதா?

ஆனால் மிதுனா?

இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது பதின்மூன்றுக்கும் முப்பத்தொன்றுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை. போன வாரம் விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது, திடீரென்று நிமிர்ந்து, “ஐயோ மிஸ்ஸு, முப்பத்தொண்ணுன்னா மூணு கட்டு, ஒரு குச்சி!” என்று கத்தியது. அந்தக் கத்தலைக் கேட்டதிலிருந்து பத்மஜா வீட்டில்கூடக் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறாள். இப்போதுதான் வேர் பிடித்திருக்கும் பிள்ளையை நடுவருஷத்தில் பிடுங்குவதா?

“என்னதான் பண்றது டீச்சர்?”

“வெள்ளிக்கிழமை தராசுதான் பண்றதா இருந்தோம். பண்ணுவோம்.”

“திரும்பவும் தொட்டியா!”

முத்தரசி பாட்டிலை மூடி ஒரு குலுக்குக் குலுக்கினாள். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

*

சரி, தொட்டிதான் என்றால் தொட்டி. ஆனால் பார்க்கிறவள் வாயடைத்துப் போகிற மாதிரி செய்துவிடுவது என்று பத்மஜா முடிவு கட்டினாள்.

பதினோரு தராசு. இரண்டு பிள்ளைக்கு ஒன்று. தொட்டிகளை நார் போகத் தேய்த்து, உப்புக்காகிதம் போட்டு, வார்னிஷ் அடித்தாள். ஒவ்வொன்றிலும் மூன்று துளை, சமதூரத்தில். துளை போட்டவர் கணவர்.

“இது ஒண்ணாங்கிளாஸ் பாடமா, கைவினைப் பொருள் கண்காட்சியா?” என்றார் அவர்.

“துளையை நேராப் போடுங்க.”

ரோஸ் கலர் நைலான் கயிறு. அளவெடுத்து வெட்டிய மூங்கில் குச்சி. இரண்டு நாளில் முடிந்தது. பதினொன்றையும் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டுப் பார்த்தபோது ஒன்றுகூட ஒரு பக்கம் சாயவில்லை. அவளுக்கே கண் கலங்கியது.

*

வெள்ளிக்கிழமை காலை.

“கையைக் கட்டு! வாயில விரலை வை!”

இருபத்திரண்டு பேரும் கையைக் கட்டினார்கள். பத்மஜா தராசைத் தூக்கிப் பிடித்தாள்.

“இது என்ன?”

“தராசு மிஸ்ஸு.”

“தொடாம பாருங்க. இந்தத் தட்டுல கல்லு, இந்தத் தட்டுல புளியங்கொட்டை. எது கனம்?”

“கல்லு மிஸ்ஸு.”

“வெரி குட்.”

அவ்வளவுதான். பாடம் முடிந்துவிட்டது. மணி பத்தே கால்.

மூன்றாம் வகுப்புச் சஞ்சீவி கையைத் தூக்கினான். “மிஸ்ஸு, இது உங்களுதுங்களா?”

“நம்ம எல்லாருக்கும்தான்டா.”

“அப்ப ஏனுங்க தொடக்கூடாது?”

“வார்னிஷ் போயிடும்.”

சஞ்சீவி தலையாட்டினான். அதற்கப்புறம் அவனுக்கு அந்தத் தராசோடு ஒரு பேச்சும் இல்லை. மிதுனா ஜன்னலுக்கு வெளியே ஒரு அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் அணிலைப் பார்க்கும் மிதுனாவைப் பார்த்தார்கள்.

பத்மஜா விடுவிடுவென்று வராந்தாவுக்குப் போனாள்.

“டீச்சர், ஒரு குறை வைக்கல. ஒரு தராசுகூடச் சாயல. ஆனா ஒரு பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கல. எங்க தப்பு பண்ணேன்? சொல்லிடுங்க, சத்தியமா கோவப்படமாட்டேன்.”

முத்தரசி எழுந்து உள்ளே வந்தாள். தராசுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“ரொம்ப அழகா இருக்கு அக்கா. மனசாரச் சொல்றேன்.”

மேஜை டிராயரைத் திறந்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

முதல் தராசின் கயிற்றை நறுக்கினாள். இரண்டாவது. மூன்றாவது. தொட்டிகள் தடதடவென்று தரையில் உருண்டன. பிள்ளைகள் வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டார்கள்.

“டீச்சர்! என்ன பண்றீங்க! ரெண்டு நாள் வேலை!”

“யாருக்கு வேலை அக்கா?”

பத்மஜா காலடிக்கு உருண்டு வந்த தொட்டியைக் குனிந்து எடுத்தாள். அவள் நிமிர்வதற்குள் பதினொன்றாவது கயிறும் அறுந்தது.

(அந்தக் கத்தரிக்கோலுக்கு இப்போதெல்லாம் ஆயுத பூஜை அன்று முதல் பொட்டு வைப்பது பத்மஜாதான். வேறு யாரையும் வைக்க விடுவதில்லை.)

முத்தரசி பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். “தொட்டி, குச்சி, கயிறு, எல்லாம் கீழ கிடக்கு. தராசு வேணும்.”

பிறகு பத்மஜாவிடம், மூலையில் இருந்த குட்டி நாற்காலியைக் காட்டினாள்.

“அக்கா, நீங்க அங்க உட்காருங்க. கையைக் கட்டிக்குங்க.”

“நானா?”

“வாயில விரல் வேணாம். அது உங்களால முடியாது.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பத்மஜாவுக்கும் சிரிப்பு வந்தது, கோபத்துக்கு நடுவில். போய் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

*

கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது.

கான்வென்டில் பத்து வருஷம் அப்படித்தான் உட்கார்ந்தாள். சிஸ்டர் யூஜினி நல்லவர். இன்றைக்கும் அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்றால் அவர் புண்ணியம். அந்த நன்றி எப்போதும் உண்டு. சயன்ஸ் ரூமில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு பித்தளைத் தராசு இருந்தது. சாவி சிஸ்டரின் இடுப்பில் இருந்தது. அந்தத் தராசை அவள் நாலு கோணத்தில் வரைந்து பாகம் குறித்திருக்கிறாள். பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறாள்.

தொட்டது கிடையாது.

கீழே ஒரே அமர்க்களம். “ஏய், அது என்ற தொட்டி!” “உன்ற தொட்டியில பேரு எழுதியிருக்குதா?” அறுந்த கயிறுகளை முடிந்ததில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. சஞ்சீவியின் தராசு எந்நேரமும் ஒரு பக்கமாகக் கவிழ்ந்து கிடந்தது. அவன் அதை முறைத்துப் பார்த்தான். குச்சியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தான். இப்போது மறுபக்கம் கவிழ்ந்தது.

“முடிச்சை நடுவுல தள்ளுடா!” பத்மஜாவின் தொண்டை வரை வந்தது. கட்டிய கைகளுக்குள் விரல்கள் துடித்தன. பல்லைக் கடித்தாள்.

சஞ்சீவி முடிச்சைத் தள்ளினான். அவனாகவே.

“மிஸ்ஸு! பாத்தீங்களா மிஸ்ஸு!”

“பார்த்தேன்டா தங்கம், பார்த்தேன்.”

மிதுனா அணிலை மறந்திருந்தாள். ஜன்னல் கம்பியில் தராசைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு தொட்டியில் ஒன்று பெரிது. முடிச்சை நடுவில் தள்ளிப் பார்த்தாள், போதவில்லை. சின்னத் தொட்டியில் புளியங்கொட்டை போட்டாள். இரண்டு போட்டால் மேலேயே நிற்கிறது. மூன்று போட்டால் கீழே இறங்குகிறது.

இரண்டு. மூன்று. இரண்டு. மூன்று.

“ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஒண்ணு வேணும்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

யாரும் இன்னும் அரை, கால் சொல்லித்தராத பிள்ளை சொன்னதைக் கேட்டு நாற்காலியில் இருந்தவள் முன்னால் சாய்ந்தாள்.

*

“மிதுனா!”

வாசலில் கலாமணி. களத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள். முந்தானையில் கொப்பரைத் தூசி. கையில் நாலாக மடித்த காகிதம்.

“அன்னிக்கே மிஸ்ஸுகிட்டச் சொன்னனுங்களே டீச்சர்! இன்னிக்கும் தொட்டியத்தானே குடுத்து வெச்சிருக்கறீங்க?”

முத்தரசி பத்மஜாவைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

கலாமணி மகளிடம் போனாள். “எந்திரி கண்ணு, போலாம்.”

“இரும்மா. இது சாயுது.”

“சாஞ்சா சாயட்டும். எந்திரி.”

“ரெண்டு போட்டாப் பத்தல, மூணு போட்டா அதிகம்மா. நடுவுல ஒண்ணு வேணும்.”

கலாமணி தராசைப் பார்த்தாள். நாள் முழுக்கத் தொட்டியோடு பிழைக்கிறவள். எந்தத் தொட்டி தடிமன், எது மெல்லிசு என்று கண்ணாலேயே தெரியும்.

“அட, இந்தத் தொட்டி முத்தலு, அது எளசு. இது எப்படிடி நேரா நிக்கும்? மாத்திக் கட்டோணும், இங்க குடு.” குனிந்து கையை நீட்டினாள்.

பத்மஜா எப்போது எழுந்தாள், எப்போது அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியாது. கலாமணியின் நீட்டிய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“தொடாதீங்க கண்ணு.”

“என்னங்க மிஸ்ஸு?”

“தொடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அவ பண்ணட்டும்.”

கலாமணி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த நகங்களுக்குள் இருந்த கறுப்பு பத்மஜாவின் உள்ளங்கையில் ஒட்டியது. இந்தக் கைதானே வம்புக்கு வந்து, அவளை இரண்டு நாள் தூங்கவிடாமல் பண்ணியது? இவள் கேட்காமல் இருந்திருந்தால் நாளைக்கும் பத்மஜா எதையாவது தூக்கிக் காட்டி, “தொடாம பாருங்க” என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

“நன்றிம்மா,” என்றாள் பத்மஜா.

“எதுக்குங்க?” கலாமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மிதுனா இவர்கள் யாரையும் கவனிக்கவில்லை. தொட்டியிலிருந்த கொட்டைகளை எடுத்துக் கீழே வைத்தாள். ஒரு வேப்பிலையைப் போட்டாள். தட்டு கண்டுகொள்ளவே இல்லை. சாக்பீஸ் துண்டைப் போட்டாள். தொப்பென்று இறங்கியது. சுற்றும் முற்றும் தேடினாள்.

அம்மாவின் கையில் இருந்த காகிதம் கண்ணில் பட்டது.

கேட்கவில்லை. எட்டி எடுத்தாள். கலாமணியின் விரல்கள் ஒரு நொடி இறுகி, பிறகு விட்டுவிட்டன.

மிதுனா அதை மெல்லத் தொட்டிக்குள் வைத்துக் கையை எடுத்தாள்.

தொட்டி தாழ்ந்தது. ஏறியது. மறுபடி தாழ்ந்தது. குச்சி லேசாக நடுங்கியது. பத்மஜா ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினாள். சஞ்சீவியும் மற்றவர்களும் சத்தமில்லாமல் வந்து சுற்றி நின்றார்கள். முத்தரசி வாசலிலேயே நின்றுவிட்டாள். களத்துத் தூசி படிந்த முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கலாமணி மகளுக்குப் பக்கத்தில் மண்டி போட்டாள்.

மிதுனா கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“அம்மா, மிஸ்ஸு, எல்லாரும் கொஞ்ச நேரம் மூச்சு விடாம இருங்களேன்.”

கலாமணி முந்தானையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள்.