நாற்பத்து நாலாவது வரிசை

குழந்தைவேலு அமெரிக்காவுக்குப் போனது ஆறு தடவை. போக ஒன்று, வர ஒன்று என்று எண்ணினால் பன்னிரண்டு பயணம். அதில் பதினொன்று விமானத்தின் முன்பக்கம், கால் நீட்டிப் படுத்துக்கொண்டு. பன்னிரண்டாவது மட்டும் பின்பக்கம், நாற்பத்து நாலாவது வரிசை, நடு இருக்கை. அந்தப் பன்னிரண்டாவதுதான் இப்போது மகள் சிந்துஜாவின் கல்யாணத்துக்குக் குறுக்கே வந்து நின்றது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே அவர் வீட்டுக் கூடத்தில் அந்தப் புதன்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தாம்பாளம். அதில் உப்பு ஒரு பொட்டலம், நாட்டுச் சர்க்கரை ஒரு பொட்டலம். உப்புச் சக்கரை கைமாறிவிட்டால் அப்புறம் யாரும் பேச்சு மாற முடியாது. கைமாறாவிட்டால் ஒன்பது பேரும் வாயைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறிவிடலாம். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து.

குழந்தைவேலுவின் மனைவி சௌந்தரவல்லி இனிப்பு ஒப்புட்டுத் தட்டோடு சமையலறை நிலைப்படியில் நின்றாள். அப்போதுதான் தங்கமுத்து தொண்டையைச் செருமினார். அவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். காங்கேயத்தில் மாட்டுத் தரகர். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் எந்த மாட்டையும் விலை பேசாதவர்.

"ஏனுங்ண்ணா, ஒண்ணு கேட்கோணும். தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்க தம்பி."

"நீங்க எப்பப் போனாலும் முன்னாடி படுத்துட்டுத்தான் போவீங்களாமா. போன மாசம் மட்டும் பின்னாடி கடைசியில குந்திட்டு வந்தீங்கன்னு பார்த்தவங்க சொன்னாங்க. உங்க பையனுக்கு அங்க வேலையில ஏதாச்சும் சிக்கலுங்களா? இல்ல, தோப்புல ஏதாச்சும்...?"

கூடத்தில் முறுக்குக் கடிக்கும் சத்தம் நின்றது.

உண்மை என்னவோ நாலு வரிதான். மகன் கோகுலன் கம்பெனிக்காக மாதம் நாலு தடவை பறந்தவன். பறக்கப் பறக்கப் புள்ளி சேரும். அந்தப் புள்ளியில் அப்பாவுக்கு முன்பக்கத்துச் சீட்டு எடுப்பான். குழந்தை பிறந்ததும் வீட்டிலிருந்தே செய்கிற வேலைக்கு மாறிக்கொண்டான். சம்பளம் முன்னைவிடக் கூட. ஆனால் பறப்பு இல்லை, புள்ளி இல்லை. மிச்சமிருந்த புள்ளி அப்பா போவதற்குப் போதுமானதாக இருந்தது, வருவதற்குப் போதவில்லை.

இதைச் சொன்னால் முடிந்தது. ஆனால் குழந்தைவேலுவால் சொல்ல முடியாது. அந்தச் சீட்டெல்லாம் தன் தோப்புத் தேங்காயில் காய்த்தது என்று ஆறு வருடமாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறார். இந்த உண்மையைச் சொன்னால் அந்தப் பொய் வெளியே வரும்.

அவர் தோள் துண்டை எடுத்து உதறினார். முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அந்த உதறலை சௌந்தரவல்லி அறிவாள். ஒரு உதறல் என்றால் உள்ளூருக்குள் அடங்கும் பொய். இரண்டு என்றால் ஜில்லா தாண்டும். அன்றைக்கு அவர் மூன்று தடவை உதறினார்.

"சிக்கல் பையனுக்கு இல்லீங்க தம்பி. சிக்கல் என்ற உடம்புக்கு."

"உடம்புக்கு என்னங்க?"

"நீண்டு போச்சுங்க."

தங்கமுத்து அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். ஐந்தடி ஐந்தங்குலத்துக்கு மேல் ஒரு நெல்லளவு தேறாது.

"முன்பக்கத்துல பதினஞ்சு மணி நேரம் மெத்தையில நீட்டிப் படுக்க வைக்கறாங்களா, கால் பாட்டுக்கு இடம் கண்ட பக்கம் போயிட்டே இருக்குதுங்க. தடவைக்கு அரை அங்குலம். பதினோரு தடவைக்கு அஞ்சரை அங்குலம். போன சித்திரையில இந்த வாசல் நிலையில தலை இடிச்சுது. எட்டு முழ வேட்டி முட்டிக்கு மேல நின்னுது. வேணும்னா இவளைக் கேளுங்க."

ஒன்பது முகங்கள் சௌந்தரவல்லி பக்கம் திரும்பின. அவள், "ஒப்புட்டு ஆறுதுங்க," என்று சொல்லித் தட்டை நீட்டினாள். ஆமாம் என்றும் ஆகாமல், இல்லை என்றும் ஆகாமல் அவளுக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

"அஞ்சரை அங்குலம் வளந்தா ஊருக்குள்ள யாரும் பாக்கலீங்களா?" என்றார் தங்கமுத்து.

"குனிஞ்சே நடந்தேனுங்க. வயசாக ஆக மனுசனுக்கு மரியாதை கூடிருச்சுன்னு பேசிக்கிட்டாங்க."

மாப்பிள்ளையின் பெரியம்மா பாவாயி எதையும் நம்பும் நல்ல மனசுக்காரி. "அப்புறம் வைத்தியம் பாத்தீங்களா சாமி?" என்று கேட்டாள்.

"பாத்தேனுங்க. பெரிய டாக்டர். இதுக்கு மாத்திரை இல்லை, ஒரே ஒரு தடவை பின்பக்கத்துல நடுச் சீட்டுல போயிட்டு வாங்க, பழைய உசரத்துக்கு வந்துருவீங்கன்னாரு. மருந்துச் சீட்டுலயே எழுதிக் குடுத்தாரு. சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டேன். சாப்பாடு உங்க வரைக்கும் வராதுன்னாரு."

யாரோ சிரித்தார்கள். தங்கமுத்து சிரிக்கவில்லை. மாடு பல்லைக் காட்ட மாட்டேன் என்கிறது என்ற பார்வையோடு சாய்ந்து உட்கார்ந்தார். மணி பதினொன்று இருபத்திரண்டு.

"உக்காந்தேன் பாருங்க. இடது முட்டி சட்டைப் பைக்குள்ள போயிருச்சு. வலது முட்டி காதோரம் வந்து நின்னுது. முட்டி தேயற சத்தத்தை அன்னிக்குத்தான் மொதமொதல்ல பக்கத்துல இருந்து கேட்டேன். பழக்கம் விடுதுங்களா? முன்பக்கத்துல ஏறினதும் சூடா முகந்துடைக்கற துண்டு குடுப்பாங்க. அந்த ஞாபகத்துல கைய நீட்டினேன். பக்கத்து ஆளு தம் பெட்டியக் குடுத்து மேல வைங்கன்னாரு. வச்சேன். அவருக்குப் பின்னாடி ஒருத்தர் குடுத்தாரு. மொத்தம் இருபத்தி மூணு பெட்டி வச்சேனுங்க. அதுலயே ஒரு அங்குலம் அமுங்கிட்டேன்."

"சரி, சாப்பாடு?" என்றார் தங்கமுத்து.

"வண்டிய மொத வரிசையில இருந்து தள்ளிட்டு வாராங்க. கிளம்பறப்ப அந்தப் புள்ளைக்கு இருவது வயசு இருக்கும். எங்க வரிசைக்கு வந்து சேர்றப்ப காதோரம் நரை தட்டிருச்சு. காலைப் பலகாரம்னு கொண்டாந்தாங்க. திறந்து பாத்தா அது ராத்திரிச் சாப்பாடாகி, அதுவும் மறுபடி விடிஞ்சிருந்துச்சு."

"அய்யோ, கல்யாணம் ஆச்சா அந்தப் புள்ளைக்கு?" என்றாள் பாவாயி.

"முப்பதாவது வரிசைகிட்ட ஆச்சுங்களாமா."

சௌந்தரவல்லி சிந்துஜா இருந்த அறைக் கதவைப் பார்த்தாள். கதவிடுக்கில் மகளின் ஒரு கண் தெரிந்தது. இந்த மாப்பிள்ளையைத்தான் கட்டுவேன் என்று நாலு ஜாதகத்தைத் தள்ளிவிட்டுக் காத்திருக்கிற பெண். அந்தக் கண்ணில் சிரிப்பு இல்லை.

"இதெல்லாம் சும்மா முகப்புங்க," என்று குழந்தைவேலு நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார். "எனக்கு முன்னாடி சீட்டுக்காரர் சாய்ஞ்சாரு. தலை நேரா என்ற மடியில வந்து விழுந்துச்சு. மடியில விழுந்த தலைய என்ன பண்றது? கோகுலன் கொஞ்சம் தேங்கா எண்ணெய் குடுத்துவிட்டிருந்தான். வச்சுத் தேய்ச்சு விட்டேன். அவரு கண்ணு சொக்கி, அடுத்த சீட்டுக்காரர்கிட்டச் சொல்ல, அவரு சாய, அவருக்கு முன்னாடி ஆளு சாய, நாப்பத்தி மூணு வரிசையும் பொதபொதன்னு சாய்ஞ்சுபோச்சு. அத்தனை பாரமும் பின்னாடி வந்தா மூக்கு மேல தூக்காதுங்களா? தூக்கிருச்சு."

"விமானம்?"

"விமானந்தான். நேரா மேல. நெலாவுக்குப் பக்கமா போனோம். சன்னலோரத்து ஆளு கைய வெளிய விட்டிருந்தார்னா தொட்டிருப்பாரு."

"சன்னலைத் திறக்க முடியாதேங்ண்ணா."

"அதனாலதானுங்க தொடலை."

தங்கமுத்து இன்னொரு முறுக்கை எடுத்தார். அந்த வழியிலும் பிடி கிடைக்கவில்லை. மணி பதினொன்று முப்பத்தைந்து.

"மேல போனதுல பெட்ரோல் தீந்துபோச்சு. கீழ கடல். விமானத்தை ஓட்டறவரு திரையை விலக்கிட்டு ஓடி வந்தாரு. முன்னாடி அம்பத்தி ரெண்டு பேரு படுத்திருக்காங்க, ஒருத்தரைக்கூட எழுப்பலை. நேரா எங்கிட்ட வந்து, ஐயா, நீங்கதான் காப்பாத்தோணும்னாரு. ஏன்னு கேட்டேன். முன்னாடி இருக்கறவங்களுக்குக் கால் முன் சீட்டுல எட்டாது, அவங்களால தள்ள முடியாது. பின்னாடிதான் எல்லாருக்கும் முட்டி முன் சீட்டுல முட்டிட்டு இருக்குதுன்னாரு. அப்பத்தானுங்க எனக்கே வெளங்குச்சு, பின்பக்கத்துல எதுக்கு இவ்வளவு நெருக்கி வச்சிருக்காங்கன்னு."

இந்த இடத்தில் இரண்டு பேர் தங்களை அறியாமல் நாற்காலியை முன்னுக்கு நகர்த்திக்கொண்டார்கள்.

"நான் எந்திரிச்சு நின்னேன். ஏனுங்க, எல்லாரும் முட்டிய முன் சீட்டுல வைங்க, நான் சொன்னதும் ஒரே தம்முல தள்ளுங்கன்னேன். சேத்துல மாட்டின டிராக்டரைத் தள்ளுற மாதிரிதான். ஒரு தள்ளுக்கு மூணு மைல். ஆயிரத்தி நூத்தி நாப்பத்தி ரெண்டு தள்ளு தள்ளுனோம். துபாயில இருவது நிமிசம் முன்னாடியே கொண்டுபோய் எறக்குனோம். எறங்கறப்பப் பாத்தா என்ற ஒசரம் சரியா அஞ்சடி அஞ்சு. பின்பக்கம் போனது பணமில்லாம இல்லீங்க தம்பி. ஒருத்தர் பாக்கியில்லாம முந்நூத்திப் பன்னெண்டு உசுரு கரை சேந்ததே நான் பின்னாடி போனதாலதான்."

துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்தார். பாவாயி கண்ணைத் துடைத்தாள். தங்கமுத்து கையைத் தாம்பாளத்தின் பக்கம் கொண்டுபோய், உப்பை எடுத்துக்கொடுக்கவா, திருப்பி எடுத்துக்கொண்டு போகவா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினார். பிறகு சன்னலோரம் பார்த்தார்.

அங்கே மாப்பிள்ளையின் அப்பா அவினாசியப்பன் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். இதுவரை பேச்சுவார்த்தையெல்லாம் தங்கமுத்துதான் பார்த்துக்கொண்டார். இவர் இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. வந்ததிலிருந்து அவர் பேசியது மூன்றே வார்த்தை. இப்போது கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"முந்நூத்திப் பன்னெண்டு இல்லீங்க," என்றார்.

டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டுத் தொடர்ந்தார்.

"பதினொண்ணு."

"நான் எண்ணினேனுங்களே," என்றார் குழந்தைவேலு.

"எண்ணியிருக்க முடியாதுங்க. என்ற மக பிரசவத்துக்குப் போயிட்டு நானும் அந்த விமானத்துலதான் வந்தேன். நாப்பத்தி நாலாவது வரிசை, சி. முந்நூத்திப் பதினோரு பேரு தள்ளுனமோ என்னமோ, நீங்க சொன்னாச் சரி. எம் பக்கத்துல நடுவுல இருந்த பி சீட்டுக்காரர் மட்டும் தள்ளலீங்க. ஏறி உக்காந்த பத்தாவது நிமிசம் கண்ணுக்குக் கருப்புப் பட்டி கட்டி, என்ற தோள்ல சாய்ஞ்சு, வாயைத் திறந்து தூங்கினவரு துபாய்ல சக்கரம் தரையத் தொட்டப்பத்தான் கண்ணு முழிச்சாரு. பட்டியக் கழட்டினதும் பையத் தூக்கிட்டு எல்லாருக்கும் முன்னாடி ஓடினாரு. என்ற முகத்தைப் பாக்கலை. நான் ஜாதகத்தோட வந்த ஃபோட்டோவுல பாத்த முகமாச்சேன்னு எழுப்பாம இருந்தேன். ரெண்டு வேளைச் சாப்பாடு வந்துச்சு. ரெண்டையும் உங்களுக்குன்னு வாங்கி வச்சு, ஆறிப்போனதும் நானே சாப்பிட்டேன்."

குழந்தைவேலு துண்டின் நுனியைப் பிடித்தார். உதற வரவில்லை. மணி பதினொன்று நாற்பத்தெட்டு. இனி ஒப்புட்டை நீட்டிப் பயனில்லை என்று சௌந்தரவல்லி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"ஏனுங்ண்ணா, பையன் வேலைக்காகப் பறந்து சேத்த புள்ளியிலதான் இவரு முன்னாடி படுத்துட்டுப் போனது. தேங்காக் காசுல இல்லீங்க. பையன் இப்ப வீட்டுல இருந்தே வேலை பாக்கறான், சம்பளமும் கூட. பறக்கறதில்ல, அதனால புள்ளி இல்ல. இவ்வளவுதானுங்க விசயம்."

"இதைக் கேட்ட ஒடனே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமேம்மா," என்றார் தங்கமுத்து.

"சொல்றதுக்கு எடம் விட்டாத்தானுங்க."

அவினாசியப்பன் தலையை ஆட்டினார். "பையன் வேலையப் பத்தி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை தங்கச்சி. அதை அங்கேயே விசாரிச்சுட்டேன். எனக்கு வேற ஒண்ணுதான் இப்ப யோசனையா இருக்குது."

"சொல்லுங்ண்ணா."

"பதினஞ்சு மணி நேரம் பக்கத்துல இருந்தேன். மனுசன் ஒரு வார்த்தை பேசலை. அமைதியான குடும்பம்னு நம்பி, எறங்கினதுமே இந்த மச்சானுக்கு ஃபோனைப் போட்டுச் சரின்னு சொன்னேன்."

ஒன்பது பேரும் குழந்தைவேலுவைப் பார்த்தார்கள். கதவிடுக்கில் இப்போது இரண்டு கண்களும் தெரிந்தன. சௌந்தரவல்லி கணவனை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறைக்க ஒன்றுமில்லாதவள் குரலில் சொன்னாள்:

"தூங்கறப்ப இன்னும் அப்படித்தானுங்ண்ணா."

அவினாசியப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தாம்பாளத்திலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.