கோரைக்கு வந்த விருந்தாளிகள்

மந்தைப்பட்டியில் கொம்பையா, விருமாண்டி, ஒச்சப்பன் என்று அண்ணன் தம்பிகள் மூவர் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று ஊரில் பேச்சு. அது இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அவர்கள் பிழைப்பு ஓடியது அத்தை அங்கம்மாளின் நிலத்தில். அதில் கோரை மண்டிவிட்டது.

"ஆடி பொறக்கையில கோரை இருந்துச்சுன்னா, நிலத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்," என்றாள் அத்தை. "மேலாப்புல அறுத்துட்டு வந்து நிக்காதீக. அது கோடைக்குன்னு கிழங்குல சாப்பாட்டைச் சேத்து வச்சிருக்கு. மேல காஞ்சாலும் கீழ அதைத் தின்னுக்கிட்டு உசுரோட கெடக்கும். அந்த இருப்பு தீந்தாத்தான் சாகும்."

மூவரும் வரப்பில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"இருப்பை எப்படிண்ணே தீக்குறது?" என்றான் சின்னவன் ஒச்சப்பன்.

"போன வருசம் நம்ம வீட்டு நெல்லுக் குதிரு எப்படிடா தீந்துச்சு?" என்றான் மூத்தவன் கொம்பையா.

"ஒன் மச்சினன் குடும்பத்தோட வந்து தங்குனாரு."

"அம்புட்டுத்தான். கோரைக்கும் சொந்தபந்தத்தைக் கூட்டியாந்துருவோம்."

கண்மாய்க் கரையில் கோரைக்கா பஞ்சம்? கிழங்கோடு தோண்டி, வண்டியில் ஏற்றி வந்து, நிலம் முழுக்க நட்டார்கள். வந்தவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காவிட்டால் நன்றாக இருக்காது என்று தண்ணீரும் பாய்ச்சினார்கள்.

வைகாசி பாதியில் கால் வைக்க இடமில்லை.

"இந்நேரம் இருப்பு தீந்திருக்கும். விருந்தாளிகளை அனுப்பி வைப்போம்," என்றான் நடுவுள்ளவன் விருமாண்டி. ஒவ்வொரு தூராக அறுத்து, கைகூப்பி, "போயிட்டு வாங்க" என்று வழியனுப்பினார்கள்.

கொஞ்ச நாளில் அத்தனையும் திரும்பி வந்து நின்றன.

"நாமதானண்ணே வரச் சொன்னோம். 'போங்க'ன்னு மட்டும் சொல்லியிருக்கணுமோ?" என்றான் ஒச்சப்பன்.

கொம்பையாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வந்தவுகளை அப்படியா சொல்லுவாக? அய்யா நம்மள அப்படியா வளத்தாரு?"

ஆகவே மறுபடியும் அறுத்தார்கள், மறுபடியும் மரியாதையாகவே சொன்னார்கள். கோரையும் சொல் தட்டாமல் வந்தது.

ஆடி பிறந்தது. அத்தை வந்து முழங்கால் உயரக் கோரையைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"மெதுவாப் பேசுங்கத்தை, சொந்தக்காரக இருக்காக," என்றான் கொம்பையா.

"போங்கடா வெளிய. இனி இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது."

நிலம் போனால் கஞ்சிக்கு வழியில்லை. மூவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வரப்பு வரை போனார்கள். அங்கே கொம்பையா சட்டென்று நின்றான். முகம் மலர்ந்துவிட்டது. ஓடி வந்து அத்தையின் தோளைப் பிடித்து, மெல்லக் கோரைப் பக்கமாகத் திருப்பினான்.

"இதைச் சொல்ல எங்களுக்கு நாக்கு வராமத்தான் தவிச்சோம் அத்தை. இப்பச் சொன்னீகளே, அதை அப்படியே அவுகளைப் பாத்து ஒரு தடவை சொல்லிருங்க."