இலைக்குள் இருந்து வந்த குரல்

ஒரு காட்டில், பெரிய மாமரத்தின் அடியில் பள்ளிக்கூடம் நடந்து வந்தது. சுவர் கிடையாது, மணி கிடையாது. ஓடுகிற பிள்ளைகள் தரையில் உட்காருவார்கள். ஏறுகிற பிள்ளைகளும் பறக்கிற பிள்ளைகளும் மேலே இலைக்குள் உட்காருவார்கள். காட்டுக்கோழி டீச்சர் மரத்தடியில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். மேலே இருப்பவர்கள் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். "உள்ளேன் டீச்சர்" என்று குரல் வந்தால் போதும், பிள்ளை வந்துவிட்டதாக நம்பிவிடுவார்.

அந்த நம்பிக்கையில்தான், கண்ணுகளா, நம்ம செம்பி கை வைத்தாள்.

செம்பி ஒரு மலை அணில். உடம்பைவிட வால் நீளம். கொடியைப் பிடித்து ஆடி, அந்தரத்தில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு, அடுத்த கிளையில் தள்ளாடாமல் வந்து நிற்பாள். ஆற்றங்கரையில் நடக்கப்போகும் கரணப் போட்டிக்கு அவளைத் தயார் செய்துகொண்டிருந்தார் கருங்குரங்கு மாஸ்டர்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாஸ்டர் ரொம்பக் கறார். "பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுற பிள்ளை என் கொடியைத் தொடக்கூடாது. காலையில பாடம், சாயங்காலம் கரணம். புரிஞ்சுதா?"

செம்பிக்குச் சாயங்காலம் மட்டும் போதவில்லை. மூன்றாவது கரணம் வருவேனா என்று அடம்பிடித்தது. விடிந்ததும் உடம்பு லேசாக இருக்கும், அப்போது பழகினால் வந்துவிடும் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்துத்தானே பள்ளிக்கூடம்?

தோழி மொட்டுவிடம் போனாள். மொட்டு ஒரு மைனா. யார் குரலையும் அப்படியே எடுப்பாள். ஒருமுறை மாஸ்டர் மாதிரி இருமிக் காட்டி, குரங்குக் குட்டிகளையெல்லாம் வரிசையில் நிற்க வைத்தவள்.

"டீச்சர் என் பேரைக் கூப்பிட்டா நீயே சொல்லிடேன்டி," என்றாள் செம்பி.

"சொல்லலாம். எனக்கு என்ன தருவே?"

"தினமும் ஒரு அத்திப்பழம். புழு இல்லாம பாத்து எடுத்துட்டு வர்றேன்."

"புழு இருந்தா இன்னும் நல்லது," என்றாள் மொட்டு.

அன்றிலிருந்து இலைக்குள் இருந்து இரண்டு "உள்ளேன் டீச்சர்" வந்தது. இரண்டும் ஒரே வாயிலிருந்துதான். செம்பியோ காட்டின் மறுபக்கம் கொடியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு என்னடி பாடம்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கத்துற பாடம். வானத்துல ஆபத்துன்னா ஒரு சத்தம், தரையில ஆபத்துன்னா ஒரு சத்தம்."

"கத்துறதுக்குக்கூடவா பாடம் எடுப்பாங்க?" என்று சிரித்துவிட்டு, செம்பி மறுபடியும் கொடியைப் பிடித்தாள்.

அது சிரிக்கிற பாடம் இல்லை. "கிர்ர்ர்" என்று நீட்டிக் கத்தினால் வானத்தில் பருந்து, எல்லாரும் புதருக்குள் ஓட வேண்டும். "டக் டக் டக்" என்று வெட்டி வெட்டிக் கத்தினால் தரையில் பாம்பு, எல்லாரும் பாறைமேல் ஏற வேண்டும். யார் உயரத்தில் இருக்கிறார்களோ அவர்தான் கத்த வேண்டும் என்பது அந்தக் காட்டின் சட்டம்.

போட்டிக்கு முந்தின நாள் வந்தது. பயணம் போகிற பிள்ளையை வாழ்த்தி அனுப்ப, காடே பாறைக்குப் பக்கத்தில் கூடியது. காடைக்குஞ்சுகளும் முயல்குட்டிகளும் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

செம்பி கொடியில் ஆடினாள். ஒரு கரணம். இரண்டு. மூன்றாவதும் வந்துவிட்டது. உச்சிக்கிளையில் நின்று வாலை விரித்தாள். கீழே ஒரே ஆரவாரம்.

அப்போதுதான் வானத்தில் அதைப் பார்த்தாள். பருந்து. இறக்கையை மடக்கிக்கொண்டு இறங்கி வந்தது.

கத்த வேண்டும். ஆனால் எப்படி? எப்போதோ காதில் விழுந்த ஒரே ஒரு சத்தம்தான் நினைவுக்கு வந்தது.

"டக் டக் டக்."

படித்த பிள்ளைகள் படித்தபடியே செய்தார்கள். பாம்புதான் என்று நினைத்து, காடைக்குஞ்சும் முயல்குட்டியும் மொட்டைப் பாறைமேல் ஏறி நின்றன. மறைவதற்கு ஒரு புல்கூட அங்கே இல்லை. பருந்துக்கு இலை போட்டு விருந்து வைத்தது மாதிரி ஆகிவிட்டது.

காட்டுக்கோழி டீச்சர் வானத்தைப் பார்த்தார். பாறைமேல் பாய்ந்தார். இறக்கையை விரித்து, கிடைத்த குஞ்சுகளையெல்லாம் அடியில் அமுக்கிக்கொண்டு படுத்தார். பருந்தின் நகம் அவர் முதுகிலும் இறக்கையிலும் இறங்கியது. மாஸ்டர் கல்லை எடுத்து வீசினார். பருந்து ஒரு கொத்து இறகோடு மேலே போனது.

குஞ்சுகளும் குட்டிகளும் எல்லாம் பத்திரம். டீச்சரின் ஒரு இறக்கைதான் கிழிந்து தொங்கியது.

முயலம்மா தன் குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டாள். "பருந்துக்கும் பாம்புக்கும் வித்தியாசம் தெரியாமயா பிள்ளைங்களை வளக்குறீங்க? அந்தப் பள்ளிக்கூடத்துல என்னதான் சொல்லித் தர்றீங்க, டீச்சர்?"

டீச்சர் மெல்ல எழுந்தார். "செம்பியைத் திட்டாதீங்க. அவ ஒருநாள்கூட மட்டம் போட்டதில்ல. தினமும் குரல் கேட்டிருக்கேன். தவறாம வந்த பிள்ளைக்கே தெரியலைன்னா, நான் சொல்லித் தந்ததுதான் சரியில்ல. நாளையிலேர்ந்து வேற யாராவது பாடம் எடுக்கட்டும்."

"அதுதான் நல்லது," என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

மேலே செம்பிக்கு முகமெல்லாம் எரிந்தது. பக்கத்துக் கிளையில் மொட்டு வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

"பேசாம இருடி. கொஞ்ச நேரத்துல எல்லாரும் கலைஞ்சு போயிடுவாங்க. நாளைக்குப் போட்டி. வாயைத் திறந்தே, மாஸ்டர் உன்னைக் கூட்டிட்டுப் போகமாட்டார்."

செம்பி பேசாமல்தான் இருந்தாள். கீழே டீச்சர், கிழிந்த இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, தனியாக மாமரத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். எந்த மரத்தடியில் நின்று தன் பெயரைக் கூப்பிட்டாரோ, அதே மரம். அந்த நடையைச் செம்பியால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

அவள் இறங்கினாள். கரணம் போட்டு இல்லை. அடிமரத்தை நகத்தால் பற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாரும் பார்க்கப் பார்க்க இறங்கினாள்.

"டீச்சர், நான் வரவே இல்ல."

"எங்கேம்மா?"

"பள்ளிக்கூடத்துக்கு. காலையில கொடியில பழகப் போயிட்டேன். என் பேருக்கு மொட்டுவைச் சொல்லச் சொன்னேன். உங்க பாடத்துல தப்பு இல்ல."

செம்பியின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூடச் செம்பிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

டீச்சரும் திட்டவில்லை. இப்படித்தான் சொன்னார்: "தினமும் அந்தக் குரல் எவ்வளவு உற்சாகமா வரும் தெரியுமா? பாடத்துமேல இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு ஆசையான்னு எனக்குச் சந்தோஷமா இருக்கும்."

செம்பி அவ்வளவு நீளமான வாலைச் சுருட்டி முகத்தை மூடிக்கொண்டாள். அப்போதும் மறையவில்லை அந்த வெட்கம்.

மாஸ்டர் கொடியைச் சுற்றித் தோளில் போட்டார். "நாளைக்கு நீ வர வேண்டாம்," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் குரங்குக் குட்டிகள் கும்மாளமாக ஆற்றங்கரைக்குக் கிளம்பினார்கள். செம்பி மாமரத்துக்கு வந்தாள். முயலம்மாவே டீச்சர் இறக்கைக்குப் பச்சிலை வைத்துக் கட்டி, கையோடு கூட்டி வந்து மரத்தடியில் நிறுத்தியிருந்தாள்.

செம்பி மேலே ஏறவில்லை. தரையில், காடைக்குஞ்சுகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க இடம் மேலதானே?" என்றது ஒரு குஞ்சு.

"இங்கேயே இருக்கேன். டீச்சர் கண்ணுக்குத் தெரியணும்."

பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. மொட்டு என்றதும் இலைக்குள் இருந்து ஒரு கீச்சுக்குரல் வந்தது. அது அவளுடைய சொந்தக் குரல். அத்தனை அழகாக ஒன்றும் இல்லை.

"செம்பி," என்று கூப்பிட்டார் டீச்சர். பழக்கத்தில் ஒரு கணம் இலையைப் பார்த்தார். பிறகு குனிந்து தரையைப் பார்த்தார்.

செம்பிக்குக் குரலே எழவில்லை. டீச்சர் அடுத்த பெயருக்குப் போகாமல் காத்திருந்தார்.

"உள்ளேன் டீச்சர்."

கரகரத்த, நடுங்கின குரல். அது யாருடையது என்று டீச்சர் மேலே தேட வேண்டியிருக்கவில்லை.

நீதி: நாம் தட்டிக்கழித்த வேலையின் அடி, நம்மை நம்பியவர்மேல்தான் விழும்.