அழிக்கப்பட்ட இரண்டு புள்ளிகள்

கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். அவசரம் வேண்டாம், அவசரப்பட்டவர்கள் இந்தக் கதைக்குள்ளேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

கோவைப் பக்கம் ஒரு பட்டறையில், அட்டைப்பெட்டி மடிக்கும் இயந்திரம் ஒன்று தயாரானது. அதற்கு இரும்புக் கைகள் இரண்டு. ஒன்று ஒரு தடவை ஏறி இறங்குவதற்குள் மற்றது இரண்டு தடவை ஏறி இறங்கிவிடும். இரண்டும் ஒரே உயரத்துக்கு வரும் கணத்தில் நடுவில் எது இருந்தாலும் நசுங்கும். ஆகவே அந்தக் கோணங்களில் எல்லாம் முன்கதவு தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். எந்தெந்தக் கோணங்கள் என்று கண்டுபிடிக்கும் வேலை பட்டறையின் பொறியாளர்கள் குணசீலனுக்கும் பூங்கோதைக்கும் வந்தது.

இரண்டு கைகளின் உயரத்தையும் சமமாக வைத்தால் வரும் சமன்பாடு என்னவோ சின்னதுதான்: sin 2x = cos x. ஒரு முழுச் சுற்றில் இது எங்கெங்கே பொருந்தும்?

குணசீலன் இடப்பக்கத்தை 2 sin x cos x என்று விரித்தான். இரண்டு பக்கமும் cos x இருந்தது, வகுத்துத் தள்ளிவிட்டான். sin x அரை என்று வந்தது. முப்பது பாகை, நூற்றைம்பது பாகை. மூன்றே வரி, அடித்தல் திருத்தல் கிடையாது.

பூங்கோதைக்கு வரைபடத்தில்தான் நம்பிக்கை. கட்டத்தாளில் இரண்டு வளைவுகளையும் வரைந்தாள். அவை நான்கு இடங்களில் வெட்டிக்கொண்டன. ஏறக்குறைய 29, 91, 151, 269.

குணசீலன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "இருபத்தொம்பதுன்னா அது முப்பதுதானுங்க. நூத்தியம்பத்தொண்ணு, நூத்தியம்பது. பாக்கி ரெண்டும் உங்க பென்சில் பண்ணுன வேலை."

அவள் அவனுடைய இரண்டு விடைகளையும் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தின. தன்னுடைய மற்ற இரண்டையும் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அவ்வளவு சுத்தமான மூன்று வரிகளுக்கு முன்னால் அவளுடைய படம் அவளுக்கே கிறுக்கலாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளி துரைசாமி இவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்தார். இயந்திரத்தின் பக்கவாட்டில் கையால் சுற்றும் சக்கரம் இருந்தது. மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கோ சாயந்தரம் லாரியில் ஏற்றியாக வேண்டும்.

"ரெண்டா, நாலா? சீக்கிரம் சொல்லுங்க அம்மிணி."

பூங்கோதை ரப்பரை எடுத்து இரண்டு புள்ளிகளை அழித்தாள். "ரெண்டுதானுங்க" என்றாள்.

கதவு இரண்டு கோணங்களில் மட்டும் பூட்டிக்கொண்டது. ஒரு மாதம் கழித்து, இயந்திரத்தை வாங்கிய பெட்டிக் கம்பெனியில், சிக்கிய அட்டையை எடுக்க மயிலாத்தா என்ற தொழிலாளி கையை உள்ளே விட்டாள். இரும்புக் கைகள் தொண்ணூறு பாகையில் சந்தித்தன. இரண்டு விரல்கள் போயின.

செய்தி வந்ததும் பூங்கோதை சமன்பாட்டில் தொண்ணூறைப் போட்டாள். இரு பக்கமும் பூஜ்யம். இருநூற்றெழுபதைப் போட்டாள். அதுவும் அப்படியே. அரை நிமிட வேலை.

இப்போது சொல்லுங்கள். வகுக்கும்போது விடைகளையும் சேர்த்துத் தொலைத்த குணசீலன், சக்கரத்தைச் சுற்றிப் பார்க்காத துரைசாமி, கண்ணால் கண்டதை அழித்த பூங்கோதை: இவர்களில் யார் செய்த பிழை பெரியது?

விடை: cos x பூஜ்யமாகலாம் என்பதைக் குணசீலன் மறந்தான், மறந்ததுகூட அவனுக்குத் தெரியாது. துரைசாமி பார்க்கவே இல்லை. நான்கையும் பார்த்தவள் பூங்கோதை ஒருத்திதான். மூவரில் ஒழுங்காக வேலை செய்தவளும் அவளே. அதனால்தான் பெரிய பங்கை அவள் தலையில் வைக்க எனக்கு மனம் கசக்கிறது. ஆனாலும் வைக்கத்தான் வேண்டும். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மயிலாத்தா கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நாலுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கண்ணு?"